முன் இருக்கை எனக்கு வேண்டாம், துரை

விமானம் பழுதுபார்க்கும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: வேலை சரியில்லை என்று வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவது மிகவும் குறைவு. இந்த வசதியை நான் அனுபவித்துவிடக் கூடாது என்றோ என்னவோ, எனக்கு வாய்த்த துரை ஒரு சட்டம் போட்டிருந்தார். கடைசித் திருகாணியை எவன் முறுக்கினானோ அவன்தான் சோதனை ஓட்டத்தில் முன் இருக்கையில் உட்கார வேண்டும். நீங்களும் என்னைப் போல ஸ்பானர் பிடித்துப் பிழைக்கிறவர்களாக இருந்தால், இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தையல் மெஷினைத் திருத்துகிறவனை யாரும் அதன் மேல் உட்கார வைத்து ஓட்டிப் பார்ப்பதில்லை.

1930களின் தொடக்கம் அது. கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் நான் கார் திருத்திக்கொண்டிருந்தேன். கலகெதரைக்கு அப்பால் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஹால்டன் துரையின் கார் ஒருநாள் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. நான் அதைக் கிளப்பிக் கொடுத்தேன். என் ஜாதகத்தில் அந்த நாள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் அவர் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்து, ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். ஓட்டுகிறவர் பின் இருக்கையில். முன் இருக்கையில் யார் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்கப் பிரச்சினை.

துரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்தில் வேலை வாங்கப் படித்த தமிழ். "வா", "போ", "எடு", "வெட்டு" என்று எல்லாம் கட்டளையாகவே இருக்கும். "நாலு சிலிண்டர். கார் மாதிரி. நீ பார்" என்றார். நானும் ஆசைப்பட்டுச் சரி என்றேன். சம்பளத்துக்காக மட்டுமில்லை. இந்த மலைநாட்டில் வேறு எவனுக்கும் கிடைக்காத எஞ்சின் அது.

வீட்டில் என் மனைவி புஷ்பத்துக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவளுடைய அப்பா, ஒரு துரை சொன்னார் என்பதற்காகத் தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில் ஏறி விழுந்து செத்தவர். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அந்தோனியார் படத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி, "என் கால் மண்ணை விட்டு எழும்பாது" என்று சத்தியம் வாங்கினாள். எழும்பினால் கெலிஓயாவில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், பிள்ளை பிறந்த பிறகும் வரமாட்டாள். துரையின் சட்டத்தை மீறினால் வேலை போகும், சத்தியத்தை மீறினால் புஷ்பம் போவாள். எனக்கு இரண்டும் வேண்டும்.

றோட்டில் வந்த விமானம்

விமானம் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் வந்தது. அதன் இறக்கைகளை, கோழி இறக்கையை ஒடுக்குவது போலப் பின்னால் மடக்கி வைக்கலாம். வாலைத் தூக்கித் துரையின் காருக்குப் பின்னால் கட்டினோம். கார் முன்னால் போக, விமானம் பின்புறம் காட்டியபடி அதன் பின்னால் போக, நான் அதன் மூக்கைப் பார்த்துக்கொண்டு நடந்து போனேன். கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். கல்யாண ஊர்வலத்துக்குக்கூட நம்மூரில் அவ்வளவு கூட்டம் வராது.

கலகெதரைக்கு முன்னால் ஒரு வளைவில் குருணாகலிலிருந்து வந்த பஸ் எங்களுக்கு எதிரே வந்து நின்றது. வழி விட இடமில்லை. துரை காரிலிருந்து "பின்னால் போ" என்று கையைக் காட்டினார். பஸ்காரர் தலையை ஆட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி, இறக்கையைத் தட்டிப் பார்த்து, சக்கரத்தை உதைத்துப் பார்த்து, விலை விசாரித்தார்கள். கடைசியில் பஸ்தான் பின்வாங்க வேண்டியிருந்தது. வளைவு முழுவதும் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று "வா, வா" என்று தட்டிக்கொண்டே போன கண்டக்டர், எங்களைத் தாண்டும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "பறக்கத் தெரிஞ்ச சாமானுக்கு இந்த றோட்டுல என்ன வேல?"

குசினியில் வெந்த பிளக்குகள்

விமானம் நின்ற இடம், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்திய பழைய கொட்டகை. முன்னால் தென்னையை வெட்டித் துரை ஆக்கிய புல்தரை. காலையில் பனியும் மாலையில் மழையுமாக, எஞ்சின் எப்போதும் சளி பிடித்ததாகவே இருக்கும். முன்னால் உள்ள விசிறியைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். தோள்பட்டை கழன்று போகும் அளவுக்குச் சுற்றியும் ஒருநாள் அது தும்மக்கூட இல்லை. பிளக்குகளைக் கழற்றினேன். சிலிண்டருக்கு இரண்டாக எட்டும் ஈரம். வெயில் இல்லை. எனவே பங்களாக் குசினிக்குப் போய், சமையல்கார அப்புவிடம் கெஞ்சி, ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, அடுப்பில் சூடு காட்டக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குப் பார்த்துத் துரை வீட்டில் விருந்தாளி. பேராதனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சீமாட்டி. பரிமாறும் பையன் அவசரத்தில் மூடியிருந்த எல்லாப் பாத்திரங்களையும் மேசைக்குக் கொண்டு போய்விட்டான். சீமாட்டி மூடியைத் திறந்தாள். உள்ளே கறுப்பாக எட்டு. அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். துரை மட்டும் கவலைப்படவில்லை. ஒன்றைக் கரண்டியால் எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முனையை நகத்தால் சுரண்டினார், காதருகே வைத்து ஆட்டினார், "இது காயல. திரும்ப வை" என்று அனுப்பிவிட்டார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் சோதனை ஓட்டம் இல்லை. எனக்கு அன்று பிறந்தநாள் மாதிரி இருந்தது. பிளக்குகளை வாங்கக் குசினிக்குப் போனால், அப்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இத்தன வருசமா இந்த வீட்டுல ஆக்குறேன். என்னோட சாப்பாட்ட தொர ஒரு நாளாவது வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்திருப்பாரா?"

பேச்சியம்மாவின் பசு

இறக்கைத் துணி விறைப்பாக நிற்பதற்கு அதன் மேல் ஒரு மருந்து பூசுவார்கள். பழுத்த வாழைப்பழம் மாதிரி வாசனை. கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் நின்றால் தலை சுற்றும், காரணமில்லாமல் சிரிப்பு வரும். இந்த வாசனை மனிதர்களைவிட மாடுகளுக்குப் பிடிக்கும் என்பது அந்த எஞ்சினோடு வந்த புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

துரை விமானத்தைப் புல்தரையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போன ஒரு மத்தியானம், தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த பேச்சியம்மாவின் பசு வந்து கீழ் இறக்கையை நக்கிப் பார்த்தது. பிடித்துப் போயிற்று. நான் ஓடிப்போகும்போது ஒரு நாற்காலி நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே மரச்சட்டம் பல்லைக் காட்டியது. வாயில் தொங்கிய துணியை நான் ஒரு பக்கம் இழுக்க, பசு ஒரு பக்கம் இழுக்க, ஜெயித்தது பசுதான்.

சாயங்காலம் பேச்சியம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாடு மத்தியானத்திலிருந்து அசை போடாமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறதாம். நான் ஏதாவது மருந்து சொல்ல வேண்டுமாம். எண்ணெய் மாற்றலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு வைத்தியம் தெரியாது என்றேன். "சிரிங்க தம்பி, சிரிங்க. நாளைக்கு இது பறந்துச்சுன்னா, பால யாரு போயி கறக்குறது?"

காசிம் நானாவின் அளவு

ஓட்டையை அடைக்கத் துணி தைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் என் கடைக்கு அடுத்த கடை தையற்காரர் காசிம் நானா. கண்டி நகரத்து வக்கீல்மார் எல்லோரும் அவரிடம்தான் கோட்டு தைப்பார்கள். வந்தார், கழுத்தில் நாடாவோடு இறக்கையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மொத்தமா புதுசா போட்டுருவம்" என்றார். எனக்குச் சந்தோஷம். தைப்பது காசிம் நானா என்றால் கடைசி முடிச்சும் காசிம் நானாதான், துரையின் சட்டப்படி முன் இருக்கையும் அவருக்குத்தான். இதை நான் அவரிடம் சொன்னேன். அவர் ஒரு தடவையாவது கண்டியை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்த மனிதர். உடனே தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

நல்ல தையற்காரர் என்பதுதான் தொல்லையாகப் போயிற்று. துரை வரவழைத்த சீமைத் துணியை முதலில் தண்ணீரில் ஊற வைத்துக் காயப்போட்டார். பிறகு சுருங்கினால் பழி தன்மேல் வரும் என்று பயம். மருந்து பூசும்போது சுருங்கி விறைப்பாவதற்காகத்தான் அந்தத் துணி என்பது அவருக்குத் தெரியாது, நான் அதைப் பார்க்கும்போது துணி காய்ந்தே விட்டது. போதாததற்கு, கையைத் தூக்கினால் கமக்கட்டில் இழுக்கக் கூடாது என்று இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் தாராளமாக இரண்டு விரல் விட்டிருந்தார். தையல் என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் சொல்லிப் பார்த்தேன். துரை பொறுமையில்லாத மனிதர். "போ, ஏறு" என்று காசிம் நானாவை ஏற்றிவிட்டார்.

விமானம் தென்னைகளுக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. அந்த இறக்கை மட்டும் கொடியில் காயும் சாரம் மாதிரி படபடவென்று அடித்தது, அந்தச் சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. மேலே இருப்பது நான் சோறு தின்னப் பக்கத்தில் உட்காரும் மனிதர். துரை எப்படியோ இறக்கிவிட்டார். இறங்கிய துரை இறக்கையைச் சுட்டிக் காட்டினார். காசிம் நானா முகம் வெளுத்துப் போயிருந்தது, ஆனாலும் தொழில் தொழில்தானே. துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "புதுசு அப்பிடித்தான் ஈக்கும், தொர. ஒரு தரம் கழுவிப் போட்டா சரியா வரும்."

டக் டக் சத்தம்

ஊற வைக்காத துணியில் காசிம் நானா திரும்பவும் தைத்தார். இந்தத் தடவை இறக்கைக் கம்பிகளை இறுக்கியது நான். எனவே என் முறை. சோதனை நாளன்று காலையில் எனக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, பல்வலி மூன்றும் சேர்ந்து வந்தன. துரை ஒன்றையும் நம்பவில்லை. என்னைக் காப்பாற்றியவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிளாக்கர் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, மூடிய கோட்டு, மழையோ வெயிலோ கையில் குடை. ஊருக்குப் போனால் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் வேண்டும் என்று தானாகவே துரையிடம் போய்க் கேட்டார். துரைக்கு அவர்மேல் மரியாதை. இந்த ஒரு தடவை சட்டம் தளர்ந்தது. நான் அவருக்கு வாரைக் கட்டிவிட்டேன். குடையை மட்டும் அவர் விடவில்லை.

இறங்கியதும் துரை நேராக என்னிடம் வந்தார். முன்பக்கத்தில் சத்தம். டக் டக், டக் டக். தரையில் இல்லை, மேலே போனால்தான். எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்தேன். மணி மாதிரி ஓடியது. ஆனால் ஆகாயத்தில் தட்டும் எஞ்சினை நம்பக் கூடாது. வால்வுகளைக் கழற்றினேன், பிஸ்டன்களைக் கழற்றினேன், கடைசியில் எஞ்சின் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. கொட்டகைத் தரை முழுவதும் சாக்குகளின் மேல் துண்டு துண்டாகப் பரப்பி வைத்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். எல்லாம் நல்லது. பிழை ஒன்றும் கிடைக்காதபோது வரும் வேதனை, நம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் இப்படிப் போன பிறகு கனகசபை ஐயா கொட்டகைப் பக்கம் வந்தார். தரையில் கிடந்ததையெல்லாம் பார்த்து, "என்ன தம்பி, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருக்கிறியள்?" என்றார். மேலே கேட்ட டக் டக் சத்தத்தைத் தேடுகிறேன் என்றேன். அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அது நான்தான் தம்பி, குடைப்பிடியாலை தட்டினனான். இறங்க வேணும் எண்டு பஸ்ஸிலை தட்டினால் நிப்பாட்டுவினம். இந்தாள் நிப்பாட்டேல்லை."

பிஸ்கட் தகரம்

இப்படியாக முழு எஞ்சினையும் நான் ஒருவனே பிரித்து, நான் ஒருவனே பூட்டினேன். முதல் திருகாணியும் நான், கடைசித் திருகாணியும் நான். கிளாக்கர் ஐயா இந்தப் பக்கமே வரவில்லை. காசிம் நானா கோட்டு தைப்பதோடு சரி என்று சொல்லிவிட்டார். "நாளைக்கு நீ ஏறு. இல்ல, நீ போ" என்றார் துரை. அன்று வீட்டுக்குப் போய்ப் புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். விழுந்துவிடுவேனோ என்ற பயம் பாதி, விழாமல் திரும்பி வந்து அவளிடம் மாட்டுவேனோ என்ற பயம் பாதி.

பயந்தவன் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு என்னை உதாரணம் காட்டலாம். குசினி அலுமாரியில் புஷ்பம் கிறிஸ்மஸ் பலகாரம் போட்டு வைக்கும் பிஸ்கட் தகரம் ஒன்று இருந்தது. பக்கத்தில் ரோஜாப்பூப் படம் போட்டது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போய், கொட்டகைக்குப் பின்னால் மண்ணை வெட்டி நிரப்பி, முன் இருக்கையின் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் அதற்குள் ஊன்றிக்கொண்டேன். என் கால் மண்ணை விட்டு எழும்பாது. அந்தோனியார் பார்த்துக்கொள்ளட்டும்.

எஞ்சின் அருமையாக ஓடியது. நான் கண்ணைத் திறக்கவில்லை, காதால் கேட்டேன். துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலையைத் தாண்டி, என் வீடும் கடையும் இருக்கும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு மேலே வந்துவிட்டார். அங்கே இடப்பக்கமாக ஒரு வட்டம் அடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஊருக்குக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அப்போது காதில் மாட்டியிருந்த குழாய் வழியாகத் துரையின் குரல் வந்தது: "வலது திரும்பல. என்னா கோளாறு? பார்!" கண்ணைத் திறந்தேன். விமானத்தைத் திருப்புவதற்குக் காலால் தள்ளும் கட்டை ஒன்று இரண்டு இருக்கைகளிலும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. என் தகரம் நகர்ந்துபோய் அந்தக் கட்டைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. நான் மண்ணில் நிற்கும் வரையில் விமானம் இடப்பக்கம்தான் சுற்றும், பெட்ரோல் தீரும் வரையில்.

அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வந்தது. புஷ்பத்தையும் பிள்ளையையும் நினைத்தேன். பிறகு காலை வெளியே எடுத்து, தகரத்தைப் பிடுங்கி, மண்ணோடு சேர்த்து வெளியே வீசினேன். தகரம் கீழே ஆற்றுக்குப் போயிற்று. மண் பின்னால் போயிற்று. துரை கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. ஆனால் என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்து வைத்திருந்தார். வாயைக் கழுவியாக வேண்டும் என்பதற்காகவே அவர் ஆற்றோரத்தில் அறுவடை முடிந்த வயலில் விமானத்தை இறக்கினார். அவ்வளவு அழகாக அவர் அதற்கு முன்னும் இறக்கியதில்லை, பின்னும் இறக்கியதில்லை.

பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஊர் முழுவதும் வயலுக்கு ஓடி வந்தது. துரை ஆற்றில் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் உட்கார்ந்து வெறுங்காலைத் தரையில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் விலகியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புஷ்பம் வந்தாள். என் தோளை, கையை, தலையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: புஷ்பம், நான் சத்தியத்தை மீறவில்லை, மண்ணைக் கூடவே கொண்டு போனேன், கால் மண்ணிலேயே இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள். நெளிந்து, ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டு, பக்கத்தில் ரோஜாப்பூப் படத்தோடு.

"தகரம் இங்க கெடக்கு. அப்ப எறங்குறப்ப ஒங்க காலு எதுல இருந்துச்சு?"

ஆகவே, ஸ்பானர் பிடித்த என் சகோதரர்களே, கட்டுகஸ்தோட்டையை விட்டுவிட்டு எதற்காகக் கெலிஓயாவில், அதுவும் மாமியார் வீட்டு வாசலில், கார் மட்டும் திருத்தும் கராஜ் போட்டாய் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வதெல்லாம், இங்கே தரை நல்ல கெட்டியான தரை என்பதுதான்.